கிராம்பு மணக்கும் வாய்

கல்யாணத்துக்கு முன்னால் சுலாஃபா போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான். மாப்பிள்ளை கிதிர் தும்பாக் போடுவதை விட்டுவிட வேண்டும்.

அத்பரா ஊரில் பெண் வீட்டார் நகை கேட்பார்கள், தனிக்குடித்தனம் கேட்பார்கள். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. ரயில் பட்டறையில் அந்தக் கறுத்த ஈரப் புகையிலையை உள்ளங்கையில் உருட்டிக் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொள்ளாத ஆண்பிள்ளையே கிடையாது. கிதிரின் கூட்டாளிகள் அவனைச் சுற்றி நின்றுகொண்டு சிரித்தார்கள்.

"இன்னிக்குத் தும்பாக்கை விடச் சொல்றா. நாளைக்கு எங்களை விடச் சொல்லுவா. பாத்துக்க."

சுலாஃபாவின் அப்பா துப்பித் துப்பியே அவள் பிறந்த வீட்டுச் சுவரின் அடிப்பாகம் கறுத்துக் கிடந்தது. அம்மா சுண்ணாம்பு அடிப்பாள், அப்பா துப்புவார். அந்த நாற்றத்திலேயே வளர்ந்தவள் சுலாஃபா. தன் வீட்டுச் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில் தப்பில்லை.

கிதிர் விட்டான். முதலில் கை நடுங்கியது, காரணமில்லாமல் எரிந்து விழுந்தான். பட்டறை வாசலில் யாராவது பொட்டலத்தைப் பிரித்தால் எழுந்து தண்டவாளத்தோரம் நடந்துவிட்டு வந்தான். ஆனால் விட்டுவிட்டான். கல்யாணமான புதிதில் அவள் முகத்தோடு முகம் வைத்து, "உன் வாயில கிராம்பு மணக்குது. இதுக்காக எதை வேணும்னாலும் விடலாம்" என்றான். அன்றைக்கு அவள் வாயில் இருந்தது வெறும் கிராம்பு மட்டும்தான்.

இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது புண் வந்திருப்பது கிதிரின் வாயில் இல்லை.

காலையில் இஞ்சி தட்டிப் போட்ட காப்பியை வாயில் வைத்ததும் கீழுதட்டுக்குள் ஓரிடம் சுரீரென்று எரிந்தது. சுலாஃபா கோப்பையை வைத்துவிட்டு, கண்ணாடி முன் போய் உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். உதடும் ஈறும் சேரும் பள்ளத்தில் தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது, ஆறிய பாலின் ஆடையைப் போல. அது அவளுக்குப் பழகியதுதான். வருஷக்கணக்காக அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளையின் நடுவே இப்போது சிவப்பாக ஒரு குழி விழுந்திருந்தது. குழியைச் சுற்றி வரம்பு கட்டியதுபோல ஓரம் தடித்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. வலிக்காத புண் பெரிய புண்ணாக இருக்க முடியாது என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு இந்தப் பழக்கம் பல்வலியில்தான் தொடங்கியது. இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்தபோது கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. கர்ப்பிணிக்கு மாத்திரை ஆகாது என்றார்கள். அடுத்த வீட்டுக்காரி ஒரு சிட்டிகை தும்பாக் கொண்டுவந்து, "ஈறுல வச்சு அமுக்கு, யாருக்கும் சொல்லாதே" என்றாள். தலை சுற்றியது, வயிற்றைப் புரட்டியது, ஆனால் வலி போன இடம் தெரியவில்லை. அந்தப் பிள்ளை தங்கவில்லை. தும்பாக் தங்கிவிட்டது.

ஆண்கள் தெருவில் போட்டுத் தெருவில் துப்புவார்கள். அதையே ஒரு குடும்பப் பெண் செய்தால் ஊர் அவளைத் துப்பிவிடும். சுலாஃபாவுக்குப் புகையறை இருந்தது. தரையில் தோண்டிய குழியில் தல்ஹ் மரக்கட்டை புகையும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தால் தோல் பொன்னிறமாகும், உடம்பு மணக்கும். புருஷனுக்காகப் பெண்கள் செய்துகொள்வது அது. ஆண்வாடையே படாத அறை. அங்கே உட்கார்ந்துதான் அவள் உருண்டையை அதக்குவாள். குழிச் சாம்பலிலேயே துப்புவாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு நாலு கிராம்பை மென்றபடி வெளியே வருவாள். கிதிர் முகம் மலர்ந்து பார்ப்பான். தனக்காகத்தான் மணந்துகொண்டு வருகிறாள் என்று நினைப்பான்.

தெருத்தெருவாகத் துணி விற்கும் பகீத்தாதான் சரக்குக் கொண்டுவருவாள். மேலே பெண்கள் தலையோடு சுற்றிப் போர்த்திக்கொள்ளும் தோப்புத் துணி நாலு, சந்தனம், வாசனை எண்ணெய். அடியில் பொட்டலங்கள். இந்தத் தெருவில் எந்தெந்த வீட்டில் யாருக்கு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அவள் வந்து மூட்டையைப் பிரித்தாள்.

"உன் மக தஹானிக்கு நாள் குறிச்சாச்சாமே? தெருவெல்லாம் பேச்சு. மாமியாக்காரி ஷெந்தி ஊர்க்காரியாம். அங்க உள்ளவங்க மூக்கு நீளம், பாத்து நடந்துக்க."

"நோன்பு முடிஞ்சதும் கல்யாணம்" என்றாள் சுலாஃபா. "நல்ல துணியா எடு. அப்படியே அதையும் எடு."

"மக கல்யாணத்துக்காவது விட்டுத் தொலைக்கக் கூடாதா?"

"நீ விக்கிறதை விடு, நான் போடுறதை விடுறேன்."

பகீத்தா கடகடவென்று சிரித்தாள். சுலாஃபாவும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் உதட்டோரம் கசிந்தது. பகீத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"என்னது ரத்தம்? காட்டு."

சுலாஃபா உதட்டை இழுத்துக் காட்டினாள். பகீத்தா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு, விளக்குத் திரியை இறக்கியதுபோல் மெல்ல அடங்கியது.

"என் அக்காவுக்கும் இங்கதான் வந்துச்சு" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. போய்ச் சேந்துட்டா. காய்ச்சல்ல." பகீத்தா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "காய்ச்சல்தான் அது. உனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

பிறகு மளமளவென்று துணிகளை மடித்து மூட்டையைக் கட்டினாள்.

"சரக்கு?"

"இன்னிக்கு இல்லம்மா. தீந்துபோச்சு."

மூட்டையின் அடியில் பொட்டலங்களின் புடைப்பு துணிக்கு மேலாகவே தெரிந்தது. பகீத்தா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். விற்கிறவளே விற்காமல் போகிறாள் என்றதும் சுலாஃபா இன்னொரு தரம் கண்ணாடி முன் போய் நின்றாள். ஆனால் சாயங்காலத்துக்குள் வேறொருத்தியிடம் சொல்லி வாங்கிவிட்டாள். புண் எரிகிறபோது அதன்மேலேயே உருண்டையை வைத்தால் மரத்துப்போகும். அதற்கு அதைவிட நல்ல மருந்து அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் புண்ணுக்கு மேலே இருந்த பல் ஆடத் தொடங்கியது. ரொட்டியைக் கடிக்கும்போது அவள் முகம் கோணுவதைக் கிதிர் பார்த்துவிட்டான். விடவில்லை. பல் டாக்டர் முஸம்மிலிடம் அழைத்துப்போனான். சின்ன வயசுப் பையன், கிதிரின் கூட்டாளி மகன்தான். அவளைச் சித்தி என்று கூப்பிடுகிறவன்.

முஸம்மில் விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தான். உதட்டைக் கையுறை விரலால் புரட்டினான். நெற்றி சுருங்கியது. அந்த இடத்தில் அந்த மாதிரியான வெள்ளைத் தோலை அவன் நிறைய ஆண்கள் வாயில் பார்த்திருப்பான்.

"சித்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று தயங்கினான். "வழக்கமா இந்த இடத்துல இப்படி வந்தா... வாயில எதுவும் வைக்கிற பழக்கம்..."

சுலாஃபாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. அவள் வாயில் டாக்டரின் விரல் இருந்தது. ஆகவே அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிதிர் சொன்னான்.

"யாரைப் பாத்து என்ன கேக்கறே தம்பி?" அவன் குரலில் கோபம் இல்லை, பெருமைதான் இருந்தது. "இவளுக்காக நானே விட்டவன். எங்க வீட்டு வாசப்படியை அந்தச் சனியன் தாண்டினதே இல்ல. வேணும்னா மோந்து பாரு. எப்பவும் கிராம்புதான் மணக்கும்."

முஸம்மிலின் காது சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க சித்தப்பா. கேக்கணும்னு ஒரு முறை. அவ்வளவுதான்."

பல்லைப் பிடுங்கினான். கூரான பல் உரசி உரசிப் புண்ணாகியிருக்கலாம் என்றான். கொப்பளிக்க மருந்து கொடுத்தான். ஆனால் வாசல் வரை வந்தவன், கிதிர் வண்டியை எடுக்கப் போன நேரத்தில் அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "மூணு வாரத்துல ஆறணும் சித்தி. ஆறலேன்னா சும்மா இருக்கக் கூடாது. கண்டிப்பா வரணும்."

"வரேம்ப்பா" என்றாள்.

பல் பிடுங்கிய குழி ஆறவில்லை. அதற்குள்ளிருந்து காலிஃபிளவர் மொக்குபோல் சதை எழும்பியது. அவள் போகவில்லை. போனால் முஸம்மில் மறுபடி கேட்பான். இந்தத் தடவை கிதிர் பதில் சொன்னாலும் அவன் நம்பமாட்டான். அப்புறம் அந்தப் பேச்சு அவன் வாயிலிருந்து அவன் அம்மாவுக்கு, அங்கிருந்து ஷெந்திக்கு. தும்பாக்காரி மகளா நம் வீட்டுக்கு என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தஹானி எந்தக் கிணற்றில் விழுவாள்? கல்யாணம் முடியட்டும். எல்லாவற்றுக்கும் அவள் அந்த ஒரு பதிலைத்தான் வைத்திருந்தாள். கல்யாணம் முடியட்டும்.

நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தும்பாக் இல்லாமல் இருந்தாள். மற்றவர்கள் பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறக்கும்போது அவள் மனம் புகையறையைத்தான் நினைத்தது. அந்த நாட்களில்தான் இன்னொன்றும் தெரிந்தது. முகவாய்க்கட்டையில் இடது பக்கம் ஈ உட்கார்ந்தால் தெரியவில்லை. சூடான கஞ்சி உதட்டோரம் வழிந்து, தஹானி துடைத்துவிட்ட பிறகுதான் தெரிந்தது. தாடைக்குக் கீழே கழுத்தில் பட்டாணி அளவுக்கு ஒன்று கெட்டியாக உருண்டது. அதை இரவில் தடவாமல் அவளால் தூங்க முடியவில்லை. காலையில் சின்னதாகியிருக்கும் என்று நினைப்பாள். ஆகியிருக்காது.

"அம்மா, நீ ஏன் இப்பல்லாம் தோப்புத் தலைப்பை வாய்வரைக்கும் இழுத்து இழுத்து மூடிக்கறே?" என்றாள் தஹானி. "எனக்குக் கல்யாணமா உனக்கா?"

"போடி வாயாடி. பல்லு போன கிழவி மூஞ்சி வேற எப்படி இருக்கும்?"

"எங்கப்பா கண்ணுக்கு நீ எப்பவும் புதுப்பொண்ணுதான்."

பின்னால் நின்ற கிதிர் சிரித்தான். சிரித்தாலும் அவன் கண் சுலாஃபாவின் தோப்பு முனையிலேயே நின்றது. கொஞ்ச நாளாகக் கிராம்பு வாசத்துக்கு அடியில் வேறொரு வாடை, அழுகிய பழத்தின் வாடை, அவனுக்கும் எட்டியிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

கல்யாண நாளும் வந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சிவப்புப் பட்டுப் போர்த்தி, மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டி, கட்டிலில் உட்கார வைத்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் வாயால் பாலைத் தெளிக்க வேண்டும். முதலில் தெளிப்பவர் கைதான் வீட்டில் ஓங்கும் என்பது பேச்சு. பால் கிண்ணத்தை ஏந்தி நின்றவள் சுலாஃபா. தஹானி முந்திக்கொண்டு மாப்பிள்ளையின் முகத்தில் தெளித்தாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. இந்த இடத்தில் பெண்ணைப் பெற்றவள் குலவையிட வேண்டும். அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அத்பராவில் எந்தக் கல்யாணமானாலும் சுலாஃபாவின் குலவை தனியாகத் தெரியும். தெருமுனை வரைக்கும் கேட்கும் அது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தோப்பை விலக்கி, தலையை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றினாள். ஒரு சத்தம் எழும்பியது. பாதியிலேயே கீச்சென்று உடைந்து நின்றது. உதடு ஒத்துழைக்கவில்லை. இன்னொரு தரம் மூச்சை இழுத்துக் குலவையிடப் பார்த்தாள். சூடாக என்னவோ முகவாயில் வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. கையில் இருந்த பால் கிண்ணத்தில் சிவப்பாக ஒரு துளி விழுந்து விரிந்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் இன்னொரு துளி.

கூடம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் நின்ற பகீத்தா மட்டும் வேகமாக முன்னால் வந்து, சுலாஃபாவை மறைத்துக்கொண்டு நின்று, தன் கரகரத்த குரலில் விடாமல் குலவையிட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கல்யாணம் நடந்தது. ஆனால் ரத்தம் விழுந்த பாலைக் கிதிர் பார்த்துவிட்டான்.

மறுநாள் தஹானி ஷெந்திக்குப் போனாள். அதற்கடுத்த நாள் விடிந்ததும் கிதிர் இரண்டு பேருக்கும் கார்த்தூம் பஸ்ஸில் இடம் பிடித்தான். "நீ ஒண்ணும் பேசாதே. நான் கேக்கவும் இல்ல" என்று மட்டும் சொன்னான்.

கார்த்தூமில் பெரிய பல் மருத்துவமனை. டாக்டர் இப்திஹால் நடுவயசுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உதட்டை, நாக்கின் ஓரத்தை, நாக்கின் அடியை, அண்ணத்தை, இரண்டு கன்னத்தின் உட்புறத்தை. பிறகு பின்னால் வந்து நின்று கழுத்தை இரண்டு கையாலும் தடவினார். அந்தப் பட்டாணியில் விரல்கள் நின்றன. கிதிர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

"ஐயா, எக்ஸ்ரே எடுக்கற இடம் கீழ இருக்கு. கூட்டம் சேரும். நீங்க முன்னாடியே போய் வரிசையில நில்லுங்க. நான் அனுப்பி வைக்கறேன்."

அவன் போனதும் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்ட குரலில் விசாரணை இல்லை, உப்பு எவ்வளவு போடுவாய் என்று கேட்பதுபோல் இருந்தது.

"தும்பாக்கை எந்தப் பக்கம் வைப்பேம்மா? விரலை வச்சுக் காட்டு."

போடுவாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் வந்திருக்கும். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எந்தப் பக்கம் என்றதும் சுலாஃபாவின் விரல் அவளைக் கேட்காமலே எழுந்து இடப்பக்கக் கீழுதட்டைத் தொட்டது. தொட்ட பிறகு அழுதாள்.

"அழு. எத்தனை வருஷமா இதுக்குள்ளயே அடக்கி வச்சிருக்கே" என்றார் டாக்டர். "புண்ணு மேலயும் வச்சியா?"

தலையாட்டினாள்.

"எல்லாரும் செய்யறாங்க. மரத்துப்போகுது இல்ல? அதனால வலி தெரியல, வலி தெரியாததால வரல."

"புத்துநோயா டாக்டர்?"

டாக்டர் மழுப்பவில்லை. "பாத்தா அப்படித்தான் தெரியுது. ஆனா பாத்து மட்டும் சொல்லக் கூடாது. வாயில வர்றது ஒரே மாதிரி இல்லம்மா. எச்சில் சுரப்பியில பொறக்கறது ஒண்ணு, எலும்புல பொறக்கறது ஒண்ணு, நிணநீர்ல வர்றது ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. உள்தோல்ல ஆரம்பிக்கறதுதான் நம்ம ஊர்ல நிறைய. வெள்ளையா ஒரு தடிப்பு, அதுல சிவப்பு, அப்புறம் ஆறாத புண்ணு. ஒரே இடத்துல வருஷக்கணக்கா புகையிலை பட்டுப்பட்டு வர்றது அது. ஓரத்துல துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாக்கணும். கழுத்துல ஊசி போட்டு அந்தக் கட்டியையும் பாக்கணும். தாடை எலும்பு அரிச்சிருக்கான்னு படம் எடுக்கணும். முகவாய் மரத்துப்போச்சா?"

"நோன்புலேருந்து."

டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். "ஏம்மா, நடுவுல யாருகிட்டயும் காட்டலையா?"

"காட்டினோம். அந்தப் பையன் கேட்டான்." சுலாஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் பதில் சொல்லிட்டார்."

மரத்துப்போக ஊசி போட்டு, கடுகளவு சதையை வெட்டி, மருந்துத் தண்ணீர் நிரம்பிய குப்பியில் போட்டார்கள். அது அடியில் போய் உட்காருவதை சுலாஃபா பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை காலம் புகையறைச் சாம்பலில் புதைத்து வைத்ததெல்லாம் இப்போது ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் கிடந்தது. இனி அதற்குப் பேர் வைக்கப் போவது யாரோ.

முற்றத்தில் வேப்பமரத்தடியில் கிதிர் செம்பருத்திச் சாறு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கென்று உறிஞ்சுகுழல் போட்டுக் கேட்டு வாங்கியிருந்தான். அந்தக் குழலைப் பார்த்ததும் இனி தாங்காது என்று ஆகிவிட்டது அவளுக்கு. சொல்லிவிட்டாள். தோப்பு முனையைக் கையில் முறுக்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், பல்வலியிலிருந்து பால் கிண்ணம் வரை சொன்னாள்.

அவன் வெகுநேரம் ஒரு வேப்பங்கொட்டையைச் செருப்பால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா மௌத்தான அன்னிக்கு" என்றான் கடைசியில், "எல்லாரும் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் உருட்டி என் உள்ளங்கையிலயே வச்சுட்டார். அப்பா செத்த துக்கம். யாரும் தப்புச் சொல்லமாட்டாங்க. உன் முகத்தை நெனச்சு அதைக் கீழ போட்டேன்."

"பாத்தேன்."

"எங்கேருந்து?"

"பொம்பளைங்க அறை ஜன்னல்லேருந்து." அவள் தோப்பு முனையை இன்னும் இறுக்கி முறுக்கினாள். "அப்ப என் உதட்டுக்குள்ள உருண்டை இருந்துச்சு."

கிதிர் எழுந்து போய்விட்டான். அவன் முதுகு வெளிவாசல் கூட்டத்தில் கலந்து மறைந்தது. சாறு வெயிலில் சூடேறியது. வாசலில் தும்பாக் விற்பவன் பெட்டி போட்டிருந்ததை அவள் வரும்போதே பார்த்திருந்தாள். இருபது வருஷத்து விரதத்தை இன்றைக்கு அவன் முறிப்பான், அதுதான் நியாயம் என்றுகூட நினைத்தாள். பின்மதிய அஸர் தொழுகைக்கு அழைப்புக் கேட்ட பிறகு அவன் திரும்பி வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் உதடு வெறுமையாகத்தான் இருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது.

"முஸம்மில் உன்னைக் கேட்டான்" என்றான். "யார் பதில் சொன்னது?"

"விடுங்க கிதிர்."

"யார் சொன்னது?"

"நீங்க."

"நீ பொய் சொன்னே. அது உன்னோட. நான் என்ன செஞ்சேன்? எனக்குத் தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி, மீசையை முறுக்கிக்கிட்டுச் சொன்னேன். மோந்து பாருன்னு வேற சொன்னேன்." அவன் கை அவள் கையைத் தேடி வந்தது. பிடித்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. "கோபம் போகல சுலாஃபா. சீக்கிரத்துல போகவும் போகாது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ சாறைக் குடி."

பரிசோதனை முடிவு வந்தது. உள்தோலில் பிறந்த வகைதான். கழுத்துக் கட்டியிலும் அதே விதை விழுந்திருந்தது. தாடை எலும்பின் ஓரமும் அரித்திருந்தது. உதட்டின் பாதியையும் எலும்பில் ஒரு துண்டையும் கழுத்துக் கட்டிகளையும் எடுக்க வேண்டும், தொடையிலிருந்து தோல் எடுத்து மூட வேண்டும், அதன் பிறகு கதிர் வைத்தியம் என்றார் இப்திஹால். "பல்லைப் பிடுங்கின அன்னிக்கே வந்திருந்தா உதட்டோட போயிருக்கும்" என்பதையும் சொன்னார். கிதிர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொழைப்பேனா டாக்டர்?"

"இன்னும் கைமீறல. ஆனா வாக்குக் குடுக்க மாட்டேன்."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுலாஃபாவின் மூக்கில் குழாய், முகத்தில் பாதிக்குக் கட்டு. பேச்சு இல்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள், கிதிர் தப்புத் தப்பாகப் புரிந்துகொள்வான். தண்ணீர் என்றால் தலையணையைக் கொடுப்பான். தஹானி வந்து பார்த்துவிட்டு, வராந்தாவில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள். மாமியார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று சுலாஃபா கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, பக்கத்துக் கட்டிலுக்குக் கதாரிஃப் ஊரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தஹானியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். தோப்பை வாய்வரைக்கும் இழுத்து மூடியிருந்தாள். கூடவே தலைப்பாகை கட்டிய புருஷன். பயிற்சி டாக்டர் ஒருவன், முஸம்மில் வயசுதான் இருக்கும், கட்டிலருகே வந்து நின்றான்.

"எவ்வளவு நாளா இந்தப் புண்?"

"மழைக்காலத்துலேருந்து இருக்கு" என்றான் புருஷன்.

"வாயில எதுவும் வைக்கிற பழக்கம்..."

"அவளுக்கா?" தலைப்பாகைக்காரன் பெரிதாகச் சிரித்தான். "நல்ல குடும்பத்துப் பொண்ணு டாக்டர். அதெல்லாம்..."

கிதிர் நாற்காலியை விட்டு எழுந்தான். நேராகப் போய் அந்த ஆளின் தோளில் கை போட்டான்.

"அண்ணே, ஊர்லேருந்து ராத்திரி பஸ்ஸா? முகமே வாடிக் கிடக்கு. வாங்க, கீழ நல்ல டீ கிடைக்கும்."

"டாக்டர் பேசிக்கிட்டு இருக்காரே."

"அவர் பேசட்டும். இங்க நமக்கு வேலை இல்ல." கிதிர் சிரித்த முகமாகத்தான் சொன்னான், ஆனால் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை. "நான் ஒரு தடவை பக்கத்துலயே நின்னு பாத்துட்டேன். வாங்க."

பயிற்சி டாக்டர் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் வெளியே போனார்கள். ஜன்னல் வழியாக வேப்பமரத்தடி தெரிந்தது. தலைப்பாகைக்காரன் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் கிதிரிடம் நீட்டினான். கிதிர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், நிறைய நேரம். பிறகு தலையை ஆட்டிவிட்டு, டீ விற்கும் பெண்ணின் பக்கம் திரும்பினான்.

கட்டிலில் இருந்த பெண் கதவைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். தோப்பை இன்னும் இறுக்கி மூடினாள். சுலாஃபாவுக்கு அந்த முகம் தெரியும். பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்ட முகம்.

சுலாஃபா கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள். அந்தப் பெண் திரும்பினாள். கட்டுப்போட்ட பாதி முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். சுலாஃபா ஒரு விரலைத் தூக்கி, கட்டின்மேல், முன்பு கீழுதடு இருந்த இடத்தில் வைத்துக் காட்டினாள். வைத்தபடியே காத்திருந்தாள்.

அந்தப் பெண்ணின் தோப்பிலிருந்து கிராம்பு வாசம் வந்தது. அவள் கை மெல்ல மேலே எழுந்து தோப்பை விலக்கியது. பிறகு இரண்டு விரலால் தன் கீழுதட்டைப் பிடித்து இழுத்து, டாக்டருக்குக் காட்டினாள்.